மலைக்குப் போன கம்பளிகள்

கார்ப் பிரியர்கள் சிலர் சேர்ந்து கல்வராயன் மலைப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் கொண்டுபோகலாம் என்றோம். உண்டு உறைவிடப் பள்ளித் தலைமை ஆசிரியரிடம் கேட்டேன். "நோட்டு அரசாங்கமே தருதுங்க ஐயா. மார்கழிக் குளிருக்குக் கம்பளி கிடைச்சா நல்லது" என்றார். பெட்ரோலுக்கு ஆகிற அளவாவது கம்பளிக்கும் தரணும் என்றேன். இரண்டு பேர் கழன்றுகொண்டார்கள், போகட்டும்.

கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டினால் ஏற்றம். பழைய அம்பாசிடரை முன்னால் விட்டோம். மெதுவான வண்டி முன்னே போனால்தான் கூட்டம் பிரியாது. இறங்கும்போது, ஏறிய கியர்தான். பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் சூடேறிப் பிடிக்காது.

பேனர் இல்லை, பிள்ளைகளை நிறுத்திப் போட்டோ இல்லை. ஒரு பையன் மட்டும் அம்பாசிடர் ஹாரனை அடிக்கலாமா என்றான். அப்புறம் விடுதியே வரிசையில் நின்றது.