'டக்' சத்தம் வராத காலை

கொடைக்கானலில் மார்கழி விடியலில், பட்டனை அழுத்தினால் கிளம்ப வேண்டிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று அசையாமல் நின்றால், வந்தவர்கள் எஞ்சினைத்தான் சந்தேகப்படுவார்கள். மலையில் தொழில் பழகிய மெக்கானிக் உடனே பானெட்டைத் திறக்க மாட்டார். "பட்டனை அமுக்கினப்ப ஸ்டியரிங்குக்குக் கீழே 'டக்'னு சத்தம் கேட்டுச்சா தம்பி?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி.

அந்தச் சத்தம் ஸ்டியரிங் பூட்டு விடுபடும் சத்தம். ஸ்டியரிங் தண்டைச் சுற்றிப் பள்ளங்கள் வெட்டிய வளையம் ஒன்று இருக்கிறது. வண்டியை அணைத்ததும் ஓர் இரும்பு முளை அந்தப் பள்ளத்தில் இறங்கித் தண்டைப் பிடித்துக்கொள்ளும். பழைய வண்டிகளில் சாவி திரும்பும்போது முளையும் விலகும். புதிய வண்டிகளில் அதைச் சின்ன மோட்டார் ஒன்று இழுக்கிறது. முளை முழுதும் விலகியதா என்பதை உள்ளே இருக்கும் நுண்ணிய சுவிட்ச் கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது. அந்தத் தகவல் வராதவரை எஞ்சின் கிளம்பாது.

இந்தக் கண்டிப்புக்குக் காரணம் உண்டு. 1970 முதல் அமெரிக்காவில், சாவியை எடுத்தால் ஸ்டியரிங்கோ வண்டியின் ஓட்டமோ தடைபட வேண்டும் என்பது விதி. திருட்டைத் தடுக்க வந்த ஏற்பாடு அது. ஆனால் பூட்டு விடாமலேயே வண்டி நகர்ந்துவிட்டால்? 1997-இல் வந்த ஐந்தாம் தலைமுறை கார்வெட்டில் மின்சாரப் பூட்டு இருந்தது. மின்னழுத்தம் குறைந்தால் பூட்டு விடுபடாமல் போகலாம், அந்த நிலையிலும் வண்டி நகரலாம் என்பதால் 1997 முதல் 2004 வரையிலான கார்வெட்டுகளை ஜெனரல் மோட்டார்ஸ் 2004-இல் திரும்ப அழைத்தது. சமவெளியிலேயே அது ஆபத்து. டம்டம் பாறைக்கு மேலே ஒரு கொண்டை ஊசி வளைவில் என்ன ஆகும் என்பதை வத்தலக்குண்டு சாலையில் வண்டி இறக்கிய யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

மலையில் இந்தப் பழுது அடிக்கடி தலைகாட்டுவதற்கு இரண்டு காரணங்கள், இரண்டுமே பூட்டுக்கு வெளியே இருப்பவை.

முதலாவது, வண்டி நிறுத்தும் முறை. சரிவில் நிறுத்தும்போது முன்சக்கரத்தை ஓரத்துத் திட்டுப் பக்கம் ஒடித்து வைப்பது நல்ல பழக்கம். பிரேக் விட்டாலும் வண்டி ஓடாது. ஆனால் அகலமான டயர், நின்ற இடத்தில் முறுக்கப்பட்டதும், பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கும். அந்த முறுக்கு முழுவதும் தண்டு வழியாக ஏறி முளையை வளையத்தின் சுவரோடு நெருக்குகிறது. சின்ன மோட்டாருக்கு அதை உருவி எடுக்கச் சக்தி போதாது. இதற்கு மருந்து கையிலேயே இருக்கிறது: ஸ்டியரிங்கை இரு பக்கமும் மெல்ல அசைத்தபடி பட்டனை அமுக்க வேண்டும். முறுக்கு இறங்கும் அந்த ஒரு நொடியில் முளை விலகிவிடும்.

இரண்டாவது, பேட்டரி. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் குளிர்கால இரவு பத்து டிகிரிக்குக் கீழே இறங்கும்; ஈய அமில பேட்டரி அந்தக் குளிரில் தன் முழுக் கொள்ளளவையும் தராது. போதாக்குறைக்கு ஸ்போர்ட்ஸ் கார் பெரும்பாலும் ஷெட்டில் நிற்கும் வண்டி. அணைத்துப் பூட்டிய பிறகும் அலாரமும் கம்ப்யூட்டர்களும் 50 மில்லி ஆம்பியர் இழுத்தால் நாளொன்றுக்கு 1.2 ஆம்பியர் மணி போகும். மூன்று வாரம் நின்றால் 60 ஆம்பியர் மணி பேட்டரியில் நாற்பது சதவீதத்துக்கு மேல் காலி. டேஷ்போர்டு விளக்குகள் அப்போதும் பளிச்சென்று எரியும், அதைப் பார்த்து 'பேட்டரி நல்லா இருக்கு' என்று முடிவு கட்டுகிறார்கள்.

நல்ல மெக்கானிக் விளக்கை நம்புவதில்லை. மல்டிமீட்டரை வைப்பார்: ஓய்வில் 12.6 வோல்ட் என்றால் முழுச் சார்ஜ், 12.2 என்றால் பாதி. பிறகு உதவிக்கு ஒருவரைப் பட்டனை அமுக்கச் சொல்லிவிட்டு, பூட்டின் எர்த் ஒயருக்கும் பேட்டரியின் நெகட்டிவுக்கும் நடுவே அளப்பார். மோட்டார் இழுக்கும் அந்தக் கணத்தில் முள் ஏறினால், மூடுபனியின் ஈரம் எர்த் போல்ட்டில் களிம்பு பிடிக்க வைத்திருக்கிறது என்று பொருள். உப்புத்தாள் வைத்துத் தேய்த்து இறுக்கினால் வேலை முடியும். மின்சாரம் சரியாக வந்தும் சத்தமே இல்லையென்றால் மோட்டார் போய்விட்டது. சத்தம் வந்தும் வண்டி கிளம்பவில்லையென்றால் சுவிட்ச் பொய் சொல்கிறது. ஸ்கேனரில் வரும் கோட் பெரும்பாலும் 'ஸ்டியரிங் பூட்டு' என்பதோடு நின்றுவிடும். எந்த இடம் என்பதைக் காதும் மீட்டரும்தான் பிரித்துக் காட்டுகின்றன.

பூட்டைக் கழற்றுவது பொறுமை கேட்கும் வேலை. திருடன் கழற்றக்கூடாது என்று அதன் போல்ட்டுகளின் தலை, மாட்டும்போதே முறிந்துபோகும்படி செய்யப்பட்டிருக்கும். உளியின் நுனியை விளிம்பில் வைத்து இடப்பக்கமாகத் தட்டித்தட்டி நகர்த்த வேண்டும், அல்லது துளையிட வேண்டும். ஓரிரு சாண் தூரத்தில் ஏர்பேக் இருக்கிறது. அதனால் பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடங்கள் காத்திருந்த பிறகே கை வைக்க வேண்டும். மஞ்சள் உறை போட்ட ஒயர்களில் மீட்டரின் முனை படவே கூடாது.

புதுப் பூட்டை அந்த வண்டியோடு கோடிங் செய்ய மதுரைக்கோ கோவைக்கோ போக வேண்டியிருக்கலாம். அங்கேதான் சபலம் வரும். 'பூட்டு விட்டாச்சு' என்று கம்ப்யூட்டருக்கு எப்போதும் பொய்த் தகவல் அனுப்பும் சின்னப் பெட்டி சந்தையில் கிடைக்கிறது. முளையை உருவி வெளியே எடுக்காமல் அதை மாட்டுவது, கார்வெட்டில் களைய வேண்டியிருந்த ஆபத்தைக் காசு கொடுத்து வாங்குவதற்குச் சமம். முளை பள்ளத்தில் இருக்கும்போதே எஞ்சின் கிளம்பும்.

முளையை எடுத்தே ஆக வேண்டிய நிலை வந்தால், ஸ்டியரிங்கை இரு கோடிக்கும் திருப்பிப் பார்த்து, வளையத்தில் எதுவும் தொடவில்லை என்று உறுதி செய்த பிறகே வண்டியைப் பெருமாள்மலை இறக்கத்துக்கு அனுப்ப வேண்டும். இனி இந்த வண்டிக்கு ஸ்டியரிங் பூட்டு இல்லை, திருட்டுக்கு வேறு ஏற்பாடு வேண்டும் என்பதை உரிமையாளரிடம் வாயால் சொன்னால் மட்டும் போதாது, பில்லிலும் எழுதித் தர வேண்டும். அடுத்து அந்த வண்டியை வாங்குகிறவர் அதைப் படிப்பார்.