பாதிப் படம் அவனுடையது

நம் கண்காட்சியில் ஆண்ட்ரமீடா கேலக்ஸி படத்தைப் பார்த்துவிட்டு, "டவுன்லோடு பண்ணதா மச்சான்?" என்று கேட்டவர்கள் அநேகம். இல்லை சாமி, நாங்களே எடுத்ததுதான். ஆனால் அதன் பின்னால் நான் வெட்கப்பட வேண்டிய கதை ஒன்று உண்டு.

மார்கழி அமாவாசை. எலக்ட்ரானிக்ஸ் பிரிவு நண்பனும் நானும் ஜவ்வாது மலை ஏறினோம். காவலூர் வானாய்வகம் இருக்கும் மலை. வானம் அவ்வளவு கறுப்பு. என்னிடம் செகண்ட் ஹேண்ட் கேமரா, 200 மி.மீ. லென்ஸ். அவனிடம் மாமாவின் ஸ்டுடியோவில் கெஞ்சி வாங்கிய கேமரா, 135 மி.மீ. லென்ஸ். நட்சத்திரங்களோடு நகரும் டிராக்கர் ஒன்றில் இரண்டையும் பூட்டி, ஆளுக்கு 40 படம் எடுத்தோம்; ஒவ்வொன்றும் 2 நிமிடம். 25 லட்சம் ஒளியாண்டு தாண்டி வரும் வெளிச்சம் அல்லவா? தனிப்படம் ஒரே புள்ளி மயம். பல படங்களைச் சேர்த்தால்தான் தெளியும். நேரம் இரட்டித்தால் தெளிவு சுமார் 1.4 மடங்கு கூடும்.

ஹாஸ்டலுக்கு வந்ததும் 80 படத்தையும் ஒரே ஃபோல்டரில் கொட்டி சாஃப்ட்வேரை ஓட்டினேன். கறுப்புப் புள்ளியும் வண்ணப் பொட்டுமாகக் கண்றாவி!

"உன் கேமரா டப்பாடா" என்றேன். அவன் எதுவும் பேசவில்லை. கண்காட்சிக்கு என் படத்தை மட்டும் வைத்து, என் பெயரை மட்டும் எழுதிக் கொடுத்தேன்.

இரண்டு நாள் கழித்துத்தான் பார்த்தேன். லென்ஸை மூடி அவன் தனியாக எடுத்துத் தந்த 'டார்க்' படங்கள் திறக்காமலே கிடந்தன! சென்சாரின் கோளாறுப் புள்ளிகள் கைரேகை மாதிரி; ஒன்றுக்கு ஒன்று மாறும். என் கேமராவின் கோளாறை அவன் படத்திலிருந்து கழித்திருக்கிறேன். டப்பா அவன் கேமரா இல்லை, என் வேலை.

ராத்திரியோடு ராத்திரியாக மறுபடி உட்கார்ந்தேன். அவனவன் படத்துக்கு அவனவன் டார்க். தனித்தனியே சேர்த்து, பின்னணி வெளிச்சத்தைச் சமன் செய்து, அவன் படத்தை 1.5 மடங்கு பெரிதாக்கி நட்சத்திரத்தின்மேல் நட்சத்திரம் பொருத்தினேன். இரைச்சல் குறைந்த படத்துக்கு அதிகப் பங்கு. என் படத்தில் கரைந்துபோயிருந்த வெளிப்புறக் கைகள் மெல்ல எழுந்து வந்தன.

விடியற்காலை அவன் கதவைத் தட்டினேன். "மன்னிச்சுக்கோடா."

"மொதல்ல படத்தைக் காட்டு" என்றான்.

குரூப் ப்ராஜெக்ட் செய்யும் தோழர்களே, அவரவர் குறையை அவரவர் கணக்கில் கழித்துவிட்டு, பிறகு கூட்டுங்கள். அந்தப் படத்தின் கீழே இப்போது இரண்டு பெயர். முதலில் அவனுடையது.