ஆறு உறையாத வருஷம்

மணிமுத்தாற்று அணைக்கரையில் உட்கார்ந்துகொண்டு ஒருவரோடு மனஸ்தாபம் பாராட்டுவது மிகவும் சிரமமான காரியம். எதிரே மலை, கீழே தண்ணீர், கார்த்திகை மாதத்து ஈரக்காற்று வேறு. ஆனாலும் நானும் என் சிநேகிதரும் அன்று அரை மணி நேரம் பேசாமலே உட்கார்ந்திருந்தோம்.

விஷயம் இதுதான். என் அக்காள் மகளுக்கும் அவருடைய மகனுக்கும் ஒருவர்மேல் ஒருவருக்குப் பிரியம். இருவரும் படித்தவர்கள், சம்பாதிக்கிறவர்கள். சிநேகிதர் ஓட்டப்பிடாரத்துப் பக்கம், கம்பளத்து நாயக்கர். நாங்கள் மேற்கே, மறவர். அத்தானிடம் நான் பேச வேண்டும் என்பது ஏற்பாடு. தாய்மாமன் அல்லவா! மூன்று மாதமாக நான் பேசவில்லை.

"என்ன வே, உம்ம அத்தான் என்னதான் சொல்லுதாரு?" என்று கேட்டார் கடைசியில்.

"சரித்திரம் சொல்லுகிறார்" என்றேன். அதுவும் பொய். அத்தான் எப்போதோ பொதுவாகச் சொன்னதைத்தான் இதற்குச் சொன்ன பதிலாக ஆக்கினேன்.

அத்தானின் சரித்திரம் எளிமையானது. மதுரையில் விசுவநாத நாயக்கரும் அரியநாத முதலியாரும் நாட்டைப் பாளையங்களாகப் பிரித்தார்கள். திருநெல்வேலிச் சீமையில் மலையடிவாரம் மறவருக்கு. கிழக்கே கரிசல் காடு தெலுங்கு பேசும் நாயக்கருக்கு. நெற்கட்டும்செவல், சிவகிரி, ஊற்றுமலை, இதோ அணைக்குப் பக்கத்திலேயே இருக்கும் சிங்கம்பட்டி, எல்லாம் நம்முடையவை. பாஞ்சாலங்குறிச்சி, எட்டயபுரம், நாகலாபுரம் அவர்களுடையவை. 1755-ல் நவாபின் ஆட்களும் கர்னல் ஹெரானும் கப்பம் கேட்டு வந்தபோது பூலித்தேவர் மேற்குப் பாளையங்களைச் சேர்த்துக்கொண்டு எதிர்த்து நின்றார். கிழக்கே இருந்தவர்கள் கைகொடுக்கவில்லை. "அன்றைக்கு வராதவன் இன்றைக்குச் சம்பந்தி என்று வருவானா?" என்பது அத்தானின் கேள்வி.

சிநேகிதர் சிரிக்கவில்லை. மடியில் ஒரு பழைய புத்தகம் வைத்திருந்தார். பழைய புஸ்தகக் கடையில் அட்டை போனவற்றைப் பொறுக்குவது அவருக்கு ஒரு வியாதி. டி குவின்ஸி 1837-ல் எழுதிய தார்த்தாரியர் கலகம். அதில் பாதிக்கு மேல் கற்பனை. ஆனாலும் எடுத்தால் வைக்க முடியாது.

வோல்கா நதிக்கரையில் கல்மிக்கியர் என்று ஒரு நாடோடி ஜனம். புத்த மதத்தினர். மங்கோலிய இனம். 1630-ஐ ஒட்டிக் கிழக்கேயிருந்து ஆடுமாடு குதிரைகளோடு வந்து குடியேறினவர்கள். வழியிலே புல்வெளி கஸாக்குகளுடையது. அவர்கள் முஸ்லிம்கள், துருக்கி வகைப் பாஷை. இரண்டு பேருக்கும் மேய்ச்சல்தான் பிழைப்பு. ஒருவன் மந்தையை மற்றவன் ஓட்டிக்கொண்டு போவதுதான் சண்டை. கஸாக்குகள் அதற்குப் 'பரிம்தா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நம்முடைய பழைய வெட்சியும் கரந்தையும்தான், வேறென்ன? 1723-ல் கல்மிக்கியரின் இனத்தாரான ஜுங்காரியர் கஸாக்குகளை அடித்துத் துரத்தினார்கள். வெறுங்காலோடு ஓடிய அந்த ஓட்டத்தைக் கஸாக்குகள் இன்றும் துயரமாகச் சொல்லுகிறார்கள்.

பிறகு ருஷ்ய சர்க்காரின் கெடுபிடி தாளாமல், 1771 ஜனவரியில், உபாஷி கான் தம் ஜனத்தைக் கிளப்பிக்கொண்டு பூர்வீக பூமிக்குத் திரும்பப் புறப்பட்டார். சுமார் ஒன்றே முக்கால் லட்சம் பேர். கஸாக்குகள் காத்துக்கொண்டிருந்தார்கள். வழி நெடுக வெட்டு, கொள்ளை, பசி, தாகம். சீன எல்லைக்குப் போய்ச் சேர்ந்தவர்கள் பாதிக்கும் குறைவு. புத்தகத்தின் முடிவில் ஒரு ஏரி. துரத்துகிறவனும் ஓடுகிறவனும் தாகம் பொறுக்காமல் ஒரே தண்ணீரில் விழுந்து குடிக்கிறார்கள். குடித்து முடித்ததும் அந்தத் தண்ணீரிலேயே வெட்டிக்கொள்ளுகிறார்கள்.

"இந்த ஏரியைச் சொல்ல வரலை வே" என்றார் சிநேகிதர். "அந்த வருஷம் வோல்கா சரியா உறையலையாம். மேலக்கரையிலே இருந்தவங்களாலே கடக்க முடியலை. அப்படி நின்னுபோனவங்கதான் இன்னைக்கு அங்கே இருக்கிற கல்மிக்கியர். எங்க கதையிலே ஆறு வேற மாதிரி."

அவர்கள் கதை எனக்குத் தெரியும். தர்ஸ்டன் துரைகூட 1909-ல் எழுதி வைத்திருக்கிறார். வடக்கே ஒரு ராஜா பெண் கேட்டான். கொடுக்க மனமில்லாமல் கம்பளத்தார் மந்தையோடு ஓடிவந்தார்கள். குறுக்கே ஆறு. பின்னால் குதிரைகள். கரையில் நின்ற புங்க மரங்கள் வளைந்து பாலமாகக் கிடந்தன. அதனால் புங்க மரத்துக்கு அவர்களிடத்தில் தனி மரியாதை.

"ஓடி வந்தவன் யாரு, ஏற்கெனவே இருந்தவன் யாருன்னு உம்ம அத்தானுக்குக் கணக்கு. சரி. எட்டயபுரத்தானும் பாஞ்சாலங்குறிச்சியானும் ஒரே கம்பளம்தானே? ஏன் வெட்டிக்கிட்டாங்க?"

நியாயமான கேள்வி. கட்டபொம்மனை 1799 அக்டோபர் 16-ல் கயத்தாற்றில் தூக்கிலிட்டார்கள். அவரைப் பிடிக்கவும், 1801-ல் அவர் தம்பி ஊமைத்துரையை அடக்கவும் கும்பினிக்குத் துணை நின்றது எட்டயபுரம். ஊமைத்துரைக்கு அடைக்கலம் கொடுத்ததோ சிவகங்கை மருது சகோதரர்கள். அவர்கள் நாயக்கர்கள் அல்ல. அந்த அடைக்கலத்தின் விலை 1801 அக்டோபர் 24-ல் திருப்பத்தூரில் தூக்குக் கயிறு.

வெல்ஷ் என்ற வெள்ளைக்கார அதிகாரி எழுதிய சம்பவம் ஒன்று உண்டு. கோட்டை விழுந்த அன்று ஒரு தாய் தன் மகனைத் தேடிப் போனாளாம். குற்றுயிராகக் கிடந்த மகன், "என்னை விடு, சாமியைக் காப்பாற்று" என்று பக்கத்தில் கிடந்த ஊமைத்துரையைக் காட்டினான். பெண்கள் அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். எட்டயபுரத்து ஆட்கள் தேடி வந்தபோது துணியால் மூடி, அம்மை போட்டு இறந்துவிட்டான் என்று ஒப்பாரி வைத்தார்கள். வந்தவர்கள் பயந்து போய்விட்டார்கள். அந்தத் தாய் எந்தக் குலம் என்று எங்கள் பக்கத்தில் கதை சொல்லுகிற யாரும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. அன்று முதல் தடவையாகக் கேட்கத் தோன்றியது. தோன்றியதும் வெட்கமாக இருந்தது.

இந்த அணை 1958-ல், காமராஜர் முதல் மந்திரியாக இருந்தபோது கட்டி முடிந்தது. மேற்கு மலையில் பெய்த மழை இதில் தேங்கி, கால்வாய் வழியாகக் கிழக்கே திசையன்விளைப் பக்கத்துத் தேரிக்காடு வரைக்கும் போகிறது. சிங்கம்பட்டியில் முடிசூடிய கடைசி ஜமீன்தார் 2020-ல் காலமாகிவிட்டார். ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து ஐயனார் கோயிலில் ராஜ உடையில் அவர் அமர்ந்திருந்ததைச் சின்ன வயசில் கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு பார்த்திருக்கிறேன். என்னைத் தோளில் தூக்கிக் காட்டியவர் அத்தான். அவரிடம் நான் பேசப் பயப்படுவதற்குச் சரித்திரம் காரணமில்லை. அந்தத் தோள்தான் காரணம்.

"அத்தான் ஒன்றும் சொல்லவில்லை" என்றேன். "நான்தான் இன்னும் கேட்கவே இல்லை."

சிநேகிதர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். புத்தகத்தை மூடித் துண்டில் சுற்றினார்.

"மூணு மாசமாவா?"

"ஆமாம்."

"புள்ளை என்னன்னு நினைக்கும் வே?"

அதற்கும் என்னிடம் பதில் இல்லை. அக்காள் வீடு அம்பாசமுத்திரத்தில். பஸ் வருகிற சத்தம் கேட்டது. அவர் எழுந்து வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "நானும் வரணுமா, நீரு மட்டும் போறீரா?" என்று கேட்டார்.

நான் மட்டும் ஏறினேன்.