வாய்தோறும் உணவு

மர்ஜான் என்றால் பவளம் என்று மதரஸாவில் முப்பது ஆண்டுகள் பொருள் சொல்லி வந்தேன். உயிருள்ள பவளத்தைக் கண்டதோ சென்ற ஆண்டு, சிங்கப்பூரில் என் தம்பி மகன் இல்லத்துக் கண்ணாடித் தொட்டியில்தான்.

அதற்குச் சூரியப் பவளம் என்று பெயர். ஆயினும் ஒளியால் அது வாழ்வதில்லை. பிற பவளங்கள் பலவற்றுள் நுண்பாசிகள் குடியிருந்து, ஒளியைக் கொண்டு உணவு ஆக்கித் தருகின்றன. இதனிடம் அவை இல்லை. இருட்டியபின் உணர்கொம்புகளை விரித்து, நீரில் வருவதைப் பற்றி உண்ணும்.

அவன் வெளியூர் சென்றபோது பொறுப்பு என்னுடையதாயிற்று. பகலில் அது சுருங்கிக் கிடக்கக் கண்டு இரங்கி, கூனி இறாலை ஒரு பிடி கொட்டினேன். மறுநாள் நீர் கலங்கி நாறியது. மீன்கள் இரண்டு மடிந்தன.

திரும்பியவன் கடிந்து பேசவில்லை. நீரில் ஒரு பகுதியை மாற்றினான். இரவில் பம்பை நிறுத்தி, இறால் சாற்றைச் சிறிது விட்டான். சற்று நேரத்தில் வாய்கள் மலர்ந்தன.

“ஒவ்வொரு வாய்க்கும் தனித்தனியே ஊட்ட வேண்டும், பெரியவாப்பா. மிஞ்சினால் நீர் கெடும், குறைந்தால் இது பட்டினியால் தேயும்” என்று கூறி, சிறு குழலால் பொறுமையாக ஊட்டினான்.

வகுப்பு முழுமைக்கும் பொதுவாகப் பாடத்தைக் கொட்டி வந்தவன் நான். எத்தனை பிள்ளைகள் வாய் மலராமலே எழுந்து சென்றனரோ!