மாரீசனும் மண்ணெண்ணெயும்

விழா மலர்களுக்குக் கட்டுரை வரைவோர் தம் கல்லூரி நாட்களின் வெற்றிகளையே பெரிதும் எடுத்துரைப்பர். விளையாட்டரங்கிற் பெற்ற கிண்ணங்களும், பரீட்சைகளிற் பெற்ற சிறப்புச் சித்திகளும், நாடக மேடையிற் பெற்ற கரகோஷமும் அவற்றிலே இடம்பெறும். இடம்பெற வேண்டியனவே. ஆயினும், மலர்க் குழுவினர் எம்மிடம் கட்டுரை வேண்டியபோது எமது நினைவில் எழுந்தது வெற்றியொன்றன்று, ஒரு தோல்வி. அது மைதானத்தில் நேர்ந்ததுமன்று. விடுதிக் களஞ்சிய அறையின் வாசலில், ஓர் இரவிலே, எமது நெஞ்சினுள் நேர்ந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக எவரிடமும் முற்றாகச் சொல்லாத அதனை, எம்மை வளர்த்தெடுத்த கல்லூரியின் மலரிலேயே சொல்லிவிடுதல் முறையெனக் கருதினோம்.

தமிழாசிரியர் என்ற வகையில் மாணவர்க்கு இராமாயணக் கதையை எடுத்துச் சொல்லும் வாய்ப்பு எமக்கு அடிக்கடி வாய்ப்பதுண்டு. அப்போதெல்லாம் ஆரணிய காண்டத்து மாரீசன் வதைப் படலத்திற் சற்று அதிகமாகத் தங்கிவிடுவது எமது வழக்கம். மாரீசன் யார்? தாடகையின் மகன். விசுவாமித்திர முனிவரின் வேள்வியைக் கெடுக்கச் சென்றபோது உடன்வந்த சுபாகு மடிய, இராமனின் கணையாற் கடலிலே வீசப்பட்டு உயிர் தப்பியவன். அந்த அச்சம் அவனை விட்டு நீங்கவேயில்லை. இரதம், இரத்தினம் என இராமனின் பெயரெழுத்திலே தொடங்கும் சொற்களைக் கேட்டாலும் தனக்கு நடுக்கம் உண்டாகின்றது என்று அவன் கூறுவதாக வான்மீகி முனிவர் பாடியுள்ளார். அத்தகையவனிடந்தான் இராவணன் வந்து, பொன்மானாகிச் சீதையை மயக்குவாயாக என்று பணிக்கின்றான். மாரீசன் உடனே இசைந்தானல்லன். பிறன்மனை விழைதல் குலத்தை அழிக்கும் என்று அறத்தை எடுத்துரைத்தான். இராவணன் வெகுண்டு, மறுத்தாற் கொன்றுவிடுவேன் என்றான். அப்போது மாரீசன் கொண்ட நடுக்கத்துக்கு, நஞ்சு கலந்த நீரில் அகப்பட்ட மீனின் நடுக்கத்தைக் கம்பர் உவமை கூறுகின்றார். நடுங்கியவாறே அவன் இசைந்தான். நடுங்கியவாறே மானாகிப் போனான்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் வகுப்பிலே ஒரு மாணவன் எழுந்து, "சேர், பிழையென்று அவனுக்குத் தெரியுந்தானே? பிறகு ஏன் போனவன்?" என்று கேட்டான். அக் கேள்விக்கு வகுப்பில் நாம் ஏதோ விடை கூறினோம். உண்மையான விடை வேறு. அதனை நாம் நூலிற் கற்கவில்லை.

ஆண்டு 1993. எமக்கு வயது பதினைந்து. க.பொ.த. சாதாரண தர வகுப்பில் இருந்துகொண்டு விடுதியிலே தங்கிக் கற்றோம். அக்காலத்து யாழ்ப்பாணத்தை அறிந்தோர்க்கு நாம் விரித்துரைக்கத் தேவையில்லை. இன்றைய மாணவர்க்காகச் சிறிது சொல்ல வேண்டியுள்ளது. 1990ஆம் ஆண்டு போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. தடை செய்யப்பட்ட பொருள்களுள் வானொலிக்கு வேண்டிய மின்கலமும் ஒன்று. துவிச்சக்கர வண்டியைக் கவிழ்த்து வைத்து, மிதியைச் சுழற்றி, டைனமோவின் வலுவிற் செய்தி கேட்டனர். மண்ணெண்ணெய் துளி துளியாக அளந்து செலவிடப்பட்டது. ஜாம் போத்தலின் அடியிற் சிறிது எண்ணெய் விட்டு, பஞ்சுத் திரியைத் தகரத் துண்டொன்றிற் செருகி ஏற்றிய விளக்கின் ஒளியிலேதான் ஒரு தலைமுறை படித்துத் தேறியது.

எமது விடுதியிலும் களஞ்சிய அறையில் ஒரு தகரத்தில் எண்ணெய் இருந்தது. படிப்பு மண்டபத்துப் பெற்றோமாக்ஸ் விளக்குக்கும், அதன்பின் மாணவர் ஏற்றும் சிறு விளக்குகளுக்கும் அதிலிருந்துதான் நாள்தோறும் அளந்து கொடுக்கப்படும். அளந்து கொடுப்பவர் விடுதிச் சமையற்காரர். முதியவர், மாணவர் யாவருக்கும் அவர் "அப்பு". களஞ்சிய அறைத் திறப்பு பல்லாண்டுகளாக அவரிடமே இருந்தது. இரவில் அதனைச் சமையலறைச் சுவரிலுள்ள ஆணியிற் கொழுவிவிட்டுப் படுப்பார்.

உயர்தர வகுப்பு மாணவர் ஒருவர் எமக்குக் கணிதம் சொல்லித் தந்தார். நாம் அவரை "அண்ணை" என்றே அழைத்தோம். கணிதத்திற் பின்தங்கியிருந்த எம்மை மாலைதோறும் இருத்தி, சலிப்பின்றிப் படிப்பித்தவர். தீயவர் என்று அவரை எவரும் சொல்லார், நாமும் சொல்லோம். அவருக்குப் பரீட்சை நெருங்கியிருந்தது. அளந்து கொடுத்த எண்ணெய் இரவு பத்து மணிக்கு முன்னரே தீர்ந்துவிடும். அதற்கு மேலும் படிக்க வேண்டும் என்பதே அவரது ஆசை.

ஒருநாள் மாலை எம்மைத் தனியே அழைத்துத் தம் எண்ணத்தைச் சொன்னார். "அண்ணை, இது பிழை. அப்புவைத்தான் கேட்பார்கள்" என்றோம். "ஒரு போத்தல் எண்ணெய் குறைந்தால் ஆருக்குத் தெரியப்போகின்றது? நீ ஒன்றும் செய்யத் தேவையில்லை, தம்பி. வாசலில் நின்றாற் போதும். ஆரும் வந்தால் இருமு" என்றார். நாம் மீண்டும் வேண்டாம் என்றோம். அவர் வெகுளவில்லை. "சரி, நீ வராவிட்டால் விடு" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். இராவணனுடைய வாள் செய்த வேலையை அந்தத் திரும்பிய முகம் செய்தது. நாளை மாலை எம்மை இருத்திக் கணிதம் சொல்லித் தருவார் யார்? நாம் இசைந்தோம்.

இரவு பதினொரு மணி இருக்கும். அண்ணை ஆணியிலிருந்த திறப்பை எடுத்துக் களஞ்சிய அறையைத் திறந்து, விளக்கின்றி உள்ளே போனார். நாம் வாசலில் நின்றோம். தகரத்தின் மூடி திறபடும் ஒலி கேட்டது. எண்ணெய் போத்தலில் இறங்கும் ஒலி கேட்டது. அவ்வொலி ஊர் முழுவதற்கும் கேட்பதுபோல எமக்குத் தோன்றியது. கால்கள் தம் வசமிழந்து நடுங்கின. அவ்வேளை வேலிக்கரைப் பனையிலிருந்து ஒரு காவோலை சரசரத்து விழுந்தது. யாழ்ப்பாணத்தில் இரவுதோறும் விழுவதுதான். ஆயினும் அன்று அது ஒரு மனிதரின் காலடியாகவே எமக்குக் கேட்டது. இருமவேண்டும் என்ற நினைவு எங்கோ ஒளிந்துகொண்டது. ஓடினோம். ஓடிவந்து பாயிற் படுத்துத் தலைவரை போர்த்துக்கொண்டோம்.

எமது ஓட்டத்தின் ஒலி கேட்டு அண்ணையும் திடுக்குற்றார். கைதவறித் தகரம் சரிந்தது. இருளிலே அதனை நிமிர்த்தவும் அவருக்கு நேரமில்லை. அறையைப் பூட்டித் திறப்பை ஆணியில் மாட்டிவிட்டு மீண்டார். விடிந்தபோது, பல வாரங்களுக்கென வைத்திருந்த எண்ணெய் முழுவதும் நிலத்தில் ஊறிக் கிடந்தது.

பூட்டு உடைபடவில்லை, திறப்பு ஆணியிலே இருந்தது. ஆகவே கேள்வி யாரை நோக்கி எழும் என்பதைச் சொல்ல வேண்டுமோ? விடுதிப் பொறுப்பாசிரியர் அப்புவைத் திட்டவில்லை; குற்றஞ் சாட்டவுமில்லை. "திறப்பை இனி நானே வைத்திருக்கிறேன்" என்று மட்டும் சொன்னார். அப்பு மடியிலிருந்த திறப்பை எடுத்து மேசையில் வைத்துவிட்டுச் சமையலறைக்குள் போனார். அன்றிரவு படிப்பு மண்டபம் இருண்டு கிடந்தது. அடுத்த இரவும் அவ்வாறே.

மறுநாள் அண்ணை ஒரு சிறு மருந்துப் போத்தலில் எண்ணெய் கொண்டுவந்து எமது தலையணைக்குக் கீழே வைத்தார். "இது உன் பங்கு" என்றார். ஓடிப்போனவனுக்கும் பங்கு உண்டு என்பதை அன்றுதான் அறிந்தோம். நாம் அதனைத் திருப்பிக் கொடுக்கவில்லை. இரண்டு நாள் கழித்து, கிணற்றடியில் ஒதுங்கியிருந்து அந்த எண்ணெயில் விளக்கேற்றிப் புத்தகத்தையும் விரித்தோம். ஒரு பக்கங்கூட மனத்திற் பதியவில்லை. அணைத்துவிட்டு வந்து படுத்தோம்.

ஒன்பது நாட்கள் சென்றன. முன்னெல்லாம் சோறு பரிமாறுகையில் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து ஒரு பகிடி சொல்லும் அப்பு, இப்போது எவர் முகத்தையும் பாராது, குனிந்தவாறே அகப்பையை நீட்டினார். தண்டனைக்கு அஞ்சி மறைந்திருந்த எமக்கு அதனைத் தாங்குதல் தண்டனையிலும் கொடிதாயிற்று. பத்தாம் நாள் சமையலறைக்குச் சென்று, அடுப்படியில் நின்று, அழுதவாறே சொல்லிவிட்டோம்.

அப்பு விறகைத் தள்ளிவிட்டுக்கொண்டே சொன்னார்: "எனக்குத் தெரியும், தம்பி. அண்டைக்கு ராத்திரி கிணத்தடியிலை ஒரு விளக்கு எரிஞ்சது. விடுதியிலை ஒருத்தருக்கும் எண்ணெய் இல்லாத நாள்."

"ஏன் அப்பு சொல்லவில்லை?"

"சொன்னால் உன்னை வீட்டை அனுப்பிப் போடுவினம். எனக்குப் போனது ஒரு திறப்புத்தானே."

அங்கிருந்து பொறுப்பாசிரியரிடம் சென்றோம். அவர் முழுவதையும் கேட்டார். உடன் இருந்தவர் யார் என்று வினவவில்லை, நாமும் சொல்லவில்லை. ஒரேயொரு கேள்வி கேட்டார்: "நீர் ஓடியது பிழையென்று உணர்ந்தா, பிடிபடுவோம் என்று பயந்தா?" எம்மால் விடை சொல்ல முடியவில்லை. மேசை இலாச்சியைத் திறந்து திறப்பை எடுத்து எமது கையில் வைத்து, "கொண்டுபோய் எல்லோருக்கும் முன்னாற் கொடும்" என்றார். அன்று மதியம் உணவு மண்டபத்திலே, மாணவர் யாவரும் பார்த்திருக்க, அதனை அப்புவின் கையிற் கொடுத்து நடந்ததைச் சொன்னோம். அவர் சால்வை நுனியால் அத் திறப்பை ஒருமுறை துடைத்து மடியிற் செருகிக்கொண்டு, சோறு பரிமாறத் தொடங்கினார். அண்ணை எமக்கருகில் வந்து அமர்ந்து உண்டார், ஒன்றும் பேசவில்லை. எம்மீது சினமோ, தம்மீதே நாணமோ, நாம் இன்றுவரை அறியோம்.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் தேதி வலிகாமத்து மக்கள் யாவரும் ஓரிரவில் இடம்பெயர்ந்தபோது விடுதியும் கலைந்தது. அதன்பின் நாம் அப்புவைக் காணவில்லை.

இனி, அந்தக் கேள்விக்கு வருவோம். பொறுப்பாசிரியர் கேட்டதும், எமது மாணவன் கேட்டதும் ஒரே கேள்வியின் இரு பக்கங்கள் என்றே எமக்குத் தோன்றுகின்றது. மாரீசன் அறத்தை அறியாதவனல்லன். அதனை வாய்விட்டு உரைத்தவன். ஆனால், முடிவெடுக்கும் வேளையில் அவன் எதனை எண்ணினான்? இராவணன் கையாற் சாவதிலும் இராமன் கையாற் சாவது மேல் என்று எண்ணினான். அவனது கணக்கு முழுவதும் தன் சாவைப் பற்றியதே. இரண்டு ஆண்களுக்கு அவன் அஞ்சினான். பன்னசாலையில் இருந்த ஒரு பெண்ணுக்கு என்ன நேரும் என்பது அக் கடைசிக் கணக்கில் இடம்பெறவேயில்லை. அதனாலன்றோ, அம்பு பட்டு வீழ்ந்த கணத்திலும் இராமனது குரலிலே சீதையையும் இலக்குவனையும் கூவி, ஏற்ற பணியை முடித்துவிட்டே மாண்டான்!

எமது கணக்கும் அத்தகையதே. இசைந்தபோது அண்ணையின் முகத்துக்கு அஞ்சினோம். ஓடியபோது பொறுப்பாசிரியரின் பிரம்புக்கு அஞ்சினோம். "அப்புவைத்தான் கேட்பார்கள்" என்று தொடக்கத்திற் சொன்னவர் நாமே. இசைந்த கணம் முதல் ஒன்பது நாட்கள் எமது கணக்கில் அந்த அப்பு இல்லை. அச்சம் எம்மை நல்லவராக்கவில்லை. இருந்த இடத்தை மட்டும் மாற்றியது. நாம் ஓடியதனாற் களவும் நிற்கவில்லை. ஒரு போத்தலோடு போகவேண்டியது ஒரு தகரமாயிற்று. அந்த இருண்ட இரவுகளிற் படிக்கமுடியாது போன மாணவர்க்கு அவ்விரவுகளை எம்மால் எக்காலத்தும் திருப்பிக் கொடுக்க இயலாது.

திருவள்ளுவர் 'தீவினையச்சம்' என்று ஓர் அதிகாரமே வகுத்தார். ஆளுக்கு அஞ்சுதல் வேறு, அகப்படுதற்கு அஞ்சுதல் வேறு, தீவினைக்கு அஞ்சுதல் வேறு. முன்னைய இரண்டும் நம்மைப் பற்றியவை. மூன்றாவது மட்டுமே பிறரைப் பற்றியது. வாசலில் நடுங்கிய கால்கள் எமக்கு உண்மையைத்தான் சொல்லின. ஆனால், அவை சொல்லவேண்டிய நேரம் அன்று மாலை, அண்ணை முகத்தைத் திருப்பியபோது.

மாணவச் செல்வங்களே, உங்களையும் ஒருநாள் யாரேனும் அழைத்து, "நீ ஒன்றும் செய்யத் தேவையில்லை, நின்றாற் போதும்" என்பார். பெரும்பாலும் அவர் உங்கள் பகைவராய் இரார். உங்களுக்கு நன்மை செய்தவராகவே இருப்பார். நிற்பதும் ஒரு செயலே. 1883ஆம் ஆண்டின் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையும் உடந்தையாதலைக் குற்றமென்றே கொள்கின்றது. அவ்வேளையில் உங்கள் அச்சத்தை அடக்கவேண்டாம். அது எவர்பொருட்டு எழுகின்றது என்று மட்டும் கேளுங்கள். அக் கணக்கில் ஓர் அப்பு விடுபட்டிருக்கிறாரா என்று பாருங்கள்.

அண்ணை இன்று எந்த நாட்டிலே இருக்கிறாரோ, அறியோம். இம்மலர் அவர் கைக்குக் கிட்டுமாயின் ஒன்று சொல்ல விரும்புகின்றோம். அவர் சொல்லித் தந்த கணிதம் எமக்குப் பரீட்சையிற் பயன்பட்டது. அந்த நன்றியை நாம் மறக்கவில்லை. ஆனால், அதனை வேறுவிதமாக, அன்று மாலையே "வரமாட்டேன்" என்று உறுதியாக மறுத்துச் செலுத்தியிருக்க வேண்டும் என்பதை இப்போது அறிகின்றோம். அவ்வாறு மறுத்திருந்தால், அவரும் ஒருவேளை போகாது நின்றிருப்பார்.