பாங்கொக்கில் நான் படித்த கணக்கு

மாணிக்கக்கல் பொட்டலத்தை மடியில் கட்டிக்கொண்டு தாய்லாந்துக்குப் போய்வருவது எங்கள் பேருவளை ஆண்களுக்குப் புதிதல்ல. நம் நாட்டில் விலையின்றிக் கிடந்த பால் நிறக் கெவுடாக் கற்களை 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் வாங்கிச் சென்று, உலையில் சூடேற்றி நீலக்கற்களாக்கினார்கள். அன்று தொட்டு இந்தப் போக்குவரத்துப் பெருகியது. பெண்கள் கூடப் போவதுதான் அபூர்வம். 1996ஆம் ஆண்டு என் கணவர் என்னையும் நான்கு வயது மகனையும் அழைத்துக்கொண்டு போனார். இரண்டு வருடங்கள் அங்கே குடும்பம் நடத்தினேன்.

கல் வியாபாரம் நடக்கும் சீலோம் வீதிக்கு அருகே, ஒரு சந்தில் மாடி அறை கிடைத்தது. இரண்டு மாத வாடகையை வைப்பாகவும், ஒரு மாத வாடகையை முற்பணமாகவும் கொடுக்க வேண்டியிருந்தது. பள்ளிவாசல் பக்கத்திலிருந்ததால் ஹலால் சாப்பாட்டுக்குக் கஷ்டமில்லை. வெள்ளிக்கிழமை வந்தால் கணவர் கிழக்கே சந்தபுரிக்குப் புறப்பட்டுவிடுவார். அங்கே வார இறுதியில் கல் சந்தை கூடும். வாங்குபவர் மேசை போட்டு உட்கார்ந்திருக்க, விற்பவர்தான் கல்லைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். அந்நாட்களில் கடைக்குப் போவதும் காசு எண்ணுவதும் என் பொறுப்பு.

பாத் நோட்டைப் பழகிக்கொள்வது சுலபம். 20 பச்சை, 50 நீலம், 100 சிவப்பு, 500 ஊதா. ஆனால் நோட்டை அறிவது வேறு, காசை அறிவது வேறு என்பதை ஒரு பழக்கடையில் கற்றேன். மகன் கையிலிருந்த நாணயம் விழுந்து உருண்டது. அவன் ஓடிப்போய்க் காலால் மிதித்து நிறுத்தினான். சிரித்துக்கொண்டிருந்த கடைக்காரியின் முகம் சட்டென்று மாறியது. நாணயத்திலும் நோட்டிலும் இருப்பது மன்னரின் உருவம். அப்போது மன்னர் பூமிபோல். அவர் 2016இல் காலமான பின் வந்த புதிய நோட்டுகளில் அவரது மகன் வஜிராலங்கோனின் உருவம் இருக்கிறது. பாதத்தை உடம்பிலேயே தாழ்ந்த உறுப்பாக நினைக்கும் மக்களுக்கு, மன்னர் உருவத்தை மிதிப்பது பெரும் அவமரியாதை. நான் குனிந்து நாணயத்தை எடுத்துத் துடைத்து, இரு கைகூப்பி மன்னிப்புக் கேட்டேன். “மை பென் ராய்” என்றாள் அவள். ‘பரவாயில்லை’ என்று பொருள்.

பேரம் பேசுவதிலும் அப்படித்தான். நம்மூர்ச் சந்தையில் பேசுவதுபோல் குரலை உயர்த்தினால் கடைக்காரர் விலையைக் குறைக்க மாட்டார், பேச்சையே நிறுத்திவிடுவார். சிரித்துக்கொண்டே கேட்டால் தாமாகவே குறைப்பார். பிறர் மனம் சங்கடப்படக்கூடாதே என்று தயங்கும் குணத்துக்கு அவர்கள் ‘கிரெங் ஜை’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

நம் பெண்களுக்குப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். தங்கத்தின் எடைக்கும் அங்கே ‘பாத்’ என்றுதான் பெயர். ஒரு பாத் நகை 15.16 கிராம், நம் 8 கிராம் பவுண் கணக்கில் ஏறக்குறைய இரண்டு பவுண். சுத்தம் 96.5 வீதம். நம் 22 கரட் 91.6 வீதந்தான். சீனர் தெருவான யாவராத்தில் சிவப்பு நிறம் பூசிய நகைக்கடைகள் வரிசையாக இருக்கும். வாங்கும் விலை, விற்கும் விலை இரண்டையும் பலகையில் எழுதி வைத்திருப்பார்கள். உம்மா புறப்படும்போது, “கையில மிஞ்சுறத மஞ்சளாக்கிக்கோ மகள்” என்று சொல்லியனுப்பியிருந்தா. சிறுகச் சிறுகச் சேர்த்து ஒரு பாத்தில் இரண்டு காப்பு வாங்கினேன்.

சந்தின் முனையில் நூடுல்ஸ் விற்ற ஒரு முதியவரை எல்லோரும் ‘பா’ என்று அழைத்தார்கள். அங்கே அது பெரியும்மா முறை. அவர் சீட்டுப் பிடிப்பவர். ‘ஷேர்’ என்பார்கள். நம் சீட்டில் குலுக்கல் போடுவோம். அங்கே அதிக வட்டி தருவதாக ஏலம் கேட்பவருக்கே முதலில் பணம். என்னையும் சேரச் சொன்னார். வட்டி எங்களுக்கு ஆகாது என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். சிரித்துவிட்டுப் போனார், அதன்பின் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. தம் கடைச் சாப்பாட்டை நாங்கள் உண்ணோம் என்பதால் மகனுக்கு மாம்பழம் மட்டும் அனுப்புவார்.

1997 ஜூலை 2ஆம் திகதி அரசு பாத்தின் மதிப்பைச் சந்தையின் போக்குக்கு விட்டது. அதுவரை ஒரு டொலருக்கு 25 பாத் அளவில் இருந்தது, 1998 ஜனவரியில் 50ஐயும் தாண்டியது. வங்கியில் கணவர் போட்டிருந்த ஒரு இலட்சம் பாத், 4,000 டொலராயிருந்தது 2,000 டொலர்கூடப் பெறவில்லை. அன்றிரவு அவர் சாப்பிடவேயில்லை. பங்கு வியாபாரத்தில் செல்வந்தராயிருந்த சிரிவத் என்பவர் கழுத்தில் பெட்டி மாட்டிக்கொண்டு தெருவில் சாண்ட்விச் விற்ற காலம் அது. காப்புகளைக் கழற்றிக் கொடுத்தேன். தங்கம் உலகச் சந்தை விலையை ஒட்டியே நின்றதால், அவற்றுக்கு நான் கொடுத்ததைவிட மிக அதிகமான பாத் கிடைத்தது. எங்கள் பயணச் சீட்டும் வாடகைப் பாக்கியும் அதில்தான் தீர்ந்தன.

‘பா’வின் சீட்டும் முறிந்தது. பணம் எடுத்த இருவர் ஊரைவிட்டே போய்விட்டார்கள். 1991ஆம் ஆண்டிலேயே சீட்டுக்குச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் அவர் சட்டத்தைப் பார்க்கவில்லை. தம் கழுத்துச் சங்கிலியை விற்று, மற்றவர்களுக்குச் சேர வேண்டியதைக் கொடுத்துத் தீர்த்தார். அந்தச் சந்தில் எவரும் சத்தம் போடவில்லை.

விடைபெறப் போனபோது என் பார்வை அவர் வெறுங்கழுத்தில் விழுந்தது. அவர் என் வெறுங்கையைப் பார்த்தார். “மை பென் ராய்” என்று சிரித்தபடி, மகன் கையில் இரண்டு மாம்பழங்களை வைத்தார்.

பிழைக்கப்போகும் நாட்டில் நாணயத்தின் மதிப்பு ஏறும், இறங்கும். அதை நாம் தடுக்க முடியாது. சகோதரிகளே, கையிலிருப்பதில் ஒரு பங்கைத் தங்கமாக்கி வையுங்கள். அந்த மண்ணின் மனிதர் எதை மதிக்கிறார்கள் என்பதையும் முதல் மாதமே கற்றுக்கொள்ளுங்கள்.