இருட்டுக்கு ஒரு டிக்கெட்

ஸ்ரீராம்புரத்து மாடியில் தொலைந்துபோன வானத்தை ஜவ்வாது மலையில் தேடுகிறது கேமரா

பெங்களூரில் ஸ்ரீராம்புரம் மெட்ரோ நிலையத்தின் நடைமேடை வானத்துக்குக் கொஞ்சம் நெருக்கம். 2014 மார்ச்சில் திறக்கப்பட்ட இந்தப் பாதை தூண்களின் மேல் ஓடுகிறது. இரவு 9 மணிக்கு அங்கே நின்றால், ஒன்றோடொன்று தோள் உரசி நிற்கும் வீடுகளும், மொட்டை மாடிகளில் வரிசைகட்டிய தண்ணீர்த் தொட்டிகளும், கன்னடத்துக்குப் பக்கத்தில் தமிழும் எழுதிய கடைப் பலகைகளும் கண்ணில் படும். மேலே வானம் வெளிறிய சாம்பல். நட்சத்திரங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதிலும் ஒன்றிரண்டு விமானங்கள் என்பது அவை நகர்ந்த பிறகுதான் தெரியும்.

இதில் வேடிக்கை, உயரத்தில் ஸ்ரீராம்புரம் ஒன்றும் குறைந்ததல்ல. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கும் மேல். இந்தியாவின் மிகப் பெரிய தொலைநோக்கிகளில் ஒன்றை வைத்திருக்கும் ஜவ்வாது மலையின் காவலூர் வெறும் 725 மீட்டர்தான். அங்கே ஆகாய கங்கை தெரிகிறது, இங்கே தெரியவில்லை. காரணம் உயரமல்ல, வெளிச்சம்.

பெங்களூர் தெருக்களில் முதல் மின்விளக்கு எரிந்தது 1905 ஆகஸ்ட் 5 அன்று. காவிரி சிவசமுத்திரத்தில் விழும் இடத்திலிருந்து வந்த மின்சாரம் அது. விளக்கு எரிந்த ஊரில் ஆலைகள், ஆலைகளைத் தொடர்ந்து ஆட்கள். வட ஆற்காடு, சேலம், தர்மபுரிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து மூட்டை முடிச்சுடன் வந்தவர்கள் பலர். ஸ்ரீராம்புரம், ஓக்கலிபுரம் போன்ற பேட்டைகள் நிறைந்தது இப்படித்தான். இன்று ஆலைகள் இல்லை. மல்லேஸ்வரத்தில் ராஜா மில் இருந்த இடத்தில் வணிக வளாகம் விடிய விடிய மின்னுகிறது. ஆலைத் தொழிலாளியின் பேரன் கம்ப்யூட்டர் கம்பெனியில் சம்பளம் வாங்கி, அதில் ஒரு கேமரா வாங்கி, தாத்தா விட்டுவந்த அதே வட ஆற்காட்டு இருட்டைத் தேடி ரயில் ஏறுகிறான். தாத்தா வெளிச்சத்துக்கு டிக்கெட் எடுத்தார். பேரன் இருட்டுக்கு எடுக்கிறான்.

பெங்களூரிலிருந்து காவலூர் சுமார் 175 கி.மீ. ஜோலார்பேட்டை வரை ரயில். பிறகு திருப்பத்தூர், ஆலங்காயம் வழியாக மலைச்சாலை. காரில் போகிறவர்களுக்கு ஓசூர், கிருஷ்ணகிரி. பொதுவாகச் சனிக்கிழமை பயணம், அதுவும் அமாவாசையை ஒட்டிய சனிக்கிழமை. நிலா இருந்தால் வந்தது வீண். பஞ்சாங்கம் பார்க்கும் பழக்கத்தை இந்தத் தலைமுறைக்குத் திரும்பக் கொண்டுவந்த பெருமை கேமராவுக்குச் சேரும்.

காவலூரைத் தேர்ந்தெடுத்ததே இருட்டுக்காகத்தான். கோடைக்கானலில் மேகத் தொல்லை அதிகம் என்பதால், 1960களில் வானியலாளர் வைணு பாப்பு தென்னிந்தியாவில் வேறு இடம் தேடினார். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருக்க வேண்டும், தென்வானம் நன்றாகத் தெரிய வேண்டும், பக்கத்தில் பெரிய ஊர் இருக்கக் கூடாது. சந்தன மரங்கள் வளரும் ஜவ்வாது மலை அகப்பட்டது. 1968இல் 38 செ.மீ. தொலைநோக்கியுடன் வேலை தொடங்கியது. 1972இல் ஜெர்மனியிலிருந்து 102 செ.மீ. தொலைநோக்கி வந்தது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோளுக்கு வளையங்கள் இருப்பது உலகுக்குத் தெரியவந்தபோது, அதைப் பதிவு செய்த இடங்களில் காவலூரும் ஒன்று. 1986 ஜனவரி 6 அன்று 2.34 மீட்டர் தொலைநோக்கியைப் பிரதமர் ராஜீவ் காந்தி திறந்துவைத்தார். அதற்குக் கனவு கண்ட பாப்பு 1982இலேயே காலமாகிவிட்டார். அவர் பெயர் தொலைநோக்கியில் நிற்கிறது. இத்தனைக்கும் நிர்வாகம் பெங்களூர் கோரமங்களாவில் உள்ள இந்திய வான் இயற்பியல் நிறுவனம். அதாவது, பெங்களூரின் விஞ்ஞானிகள் தங்கள் ஊரில் வானம் கிடைக்காமல் இங்கே வருவது, கேமராக்காரர்கள் கிளம்புவதற்கு வெகுகாலம் முன்பே தொடங்கிவிட்டது.

படம் எடுக்க ஆய்வகத்துக்குள் போக வேண்டியதில்லை. உள்ளே டார்ச் அடிப்பதே குற்றம் மாதிரி. இரவில் காப்புக்காட்டுக்குள்ளும் நுழையக் கூடாது. சாலையோரப் பாறை, சாமை விளையும் மேட்டுக் கொல்லை, ஒற்றைப் புளியமரம், இவை போதும். டிரைபாடை ஊன்றி, அகன்ற கோண லென்ஸை முழுக்கத் திறந்து, கைக்கு எட்டிய நட்சத்திரத்தில் ஃபோகஸ் செய்து, 20, 25 விநாடி திறந்து வைக்க வேண்டும். அதற்கு மேல் போனால் பூமி சுற்றுவது படத்தில் தெரிந்துவிடும், புள்ளி கோடாகும். 500ஐ லென்ஸின் குவிய தூரத்தால் வகுத்தால் வரும் விடைதான் விநாடிக் கணக்கு என்பது இவர்களின் வாய்ப்பாடு. 20 மி.மீ. லென்ஸுக்கு 25 விநாடி. கேமராவின் திரை வெளிச்சம்கூட இங்கே எதிரி. இருட்டுக்குக் கண் பழக அரை மணி நேரம் ஆகும். யாராவது செல்போனைத் திறந்தால் அந்த அரை மணியும் போச்சு.

கோடுகளே வேண்டும் என்கிறவர்கள் வடக்கே திரும்புகிறார்கள். ஒரு மணிக்கு 15 டிகிரி வீதம் வானம் துருவ நட்சத்திரத்தைச் சுற்றுகிறது. நூற்றுக்கணக்கான படங்களை அடுக்கினால் வட்டங்கள் கிடைக்கும். காவலூரில் துருவ நட்சத்திரம் அடிவானத்துக்குப் பன்னிரண்டரை டிகிரி மேலேதான். கையை நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடித்தால் அதைவிடச் சற்றே உயரம். எனவே வட்டங்களின் கீழ்ப்பாதி மலைக்குப் பின்னால் மறைந்து, மலையே சக்கரத்தைச் சுழற்றுவதுபோலப் படம் அமைகிறது.

ஆனால் எல்லோரும் வந்தது தெற்கு வானத்துக்காக. மாசி, பங்குனியில் விடியலுக்கு முன் விருச்சிகம் தென்கிழக்கில் எழும்போது, கேட்டை செம்புள்ளியாகவும் அதன் கீழே மூலம் வளைந்த வாலாகவும் தெரியும். வாலுக்குப் பக்கத்தில் பால்வீதி தடித்து வீங்கியிருக்கும் இடம்தான் அதன் மையம். ஜாதகத்தில் மூலத்துக்குப் பயந்து கல்யாணத்தைத் தள்ளிப்போட்ட குடும்பங்கள், அது வானத்தின் எவ்வளவு அழகான மூலையில் இருக்கிறது என்று ஒருமுறை பார்த்திருக்கலாம்.

கேமரா காட்டும் ஊதாவும் ஆரஞ்சும் கண்ணுக்குத் தெரியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். மங்கிய ஒளியில் நிறம் பிரிக்கும் சக்தி மனிதக் கண்ணுக்கு இல்லை. காவலூரில் கண்ணுக்குத் தெரிவது சாம்பல் பூசிய வெளிச்சப் பட்டை மட்டுமே. முதல்முறை வருகிறவர்களுக்கு இது ஏமாற்றம். படத்தில் இருப்பது பொய்யல்ல, 25 விநாடிகளின் சேமிப்பு. பொய் வேறு வகை: ஓர் ஊரின் மலைமேல் இன்னோர் ஊரின் வானத்தைக் கம்ப்யூட்டரில் ஒட்டுவது. அதைக் கண்டுபிடிக்கத் திசை தெரிந்தால் போதும். பால்வீதியின் மையத்தை வடக்கு அடிவானத்தில் எழுப்பிக் காட்டும் இந்தியப் படம் நிச்சயம் ஒட்டுவேலை.

வடக்கே திரும்பிய கேமராக்களில் இன்னொன்றும் விழுகிறது. அந்தத் திசையில் மலைக்குக் கீழே பாலாற்றுப் பள்ளத்தாக்கு, ஆம்பூரும் வாணியம்பாடியும். துருவ நட்சத்திரத்துக்கு நேர் கீழே ஊர் வெளிச்சம். 2011 முதல் 2022 வரை உலகெங்கும் ஆர்வலர்கள் நட்சத்திரங்களை எண்ணி அனுப்பிய கணக்கை வைத்து 2023இல் ‘சயின்ஸ்’ இதழில் ஓர் ஆய்வு வெளியானது. வானத்தின் வெளிச்சம் ஆண்டுக்கு 7 முதல் 10 சதவீதம் கூடுகிறது என்பது அதன் முடிவு. 250 நட்சத்திரம் தெரியும் ஊரில் பிறந்த குழந்தைக்கு 18 வயதில் 100தான் மிஞ்சும். அந்தக் கணக்கு பெரும்பாலும் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் எடுத்தது. சோடியம் விளக்குகள் போய் வெள்ளை எல்.இ.டி. வந்துகொண்டிருக்கும் நம் ஊர்களில் நிலைமை இதைவிட நன்றாக இருக்கும் என்று நம்ப இடமில்லை. நீலம் கலந்த வெள்ளை ஒளி காற்றில் அதிகம் சிதறும்.

அதற்காக மலைக்கிராமத்துக்காரரிடம் போய் விளக்கு போடாதே என்று சொல்ல முடியுமா? இருட்டில் பாம்பு மிதிப்பவர் அவர். படம் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை ஊர் திரும்புகிறவர் அல்ல. வெளியூர்க்காரரின் அழகுணர்ச்சிக்கு உள்ளூர்க்காரர் விலை கொடுக்க வேண்டும் என்பது நியாயமில்லை.

இதற்கு ஒரு வழி லடாக்கில் பார்த்திருக்கிறார்கள். அதே பெங்களூர் நிறுவனத்தின் இன்னொரு தொலைநோக்கி, 2 மீட்டர் விட்டமுள்ளது, ஹான்லேயில் 4,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதை இயக்குபவர்கள் உட்கார்ந்திருப்பது ஸ்ரீராம்புரத்திலிருந்து ஒரு பஸ் பயண தூரத்தில், ஹொசகோட்டேயில். செயற்கைக்கோள் வழியே கட்டளை போகிறது. 2022 டிசம்பரில் ஹான்லேயைச் சுற்றி 1,073 சதுர கி.மீ. பரப்பு இருண்ட வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அங்கேயும் விளக்கு உண்டு. ஆனால் மஞ்சள் விளக்கு, தரையை நோக்கிய விளக்கு. ஜன்னலுக்குக் கனத்த திரை, வாகனங்களுக்கு உயர் ஒளி கூடாது. முக்கியமானது அடுத்தது: கிராமத்தவர் 24 பேருக்குப் பயிற்சியும் தொலைநோக்கியும் கொடுத்து, வரும் பயணிகளுக்கு வானம் காட்டும் வேலையை அவர்களிடமே விட்டார்கள். இருட்டு அவர்களுக்கு வருமானம் ஆயிற்று.

அந்த வானத்தை உலகம் பார்த்தது பெருமளவு ஒரே மனிதரின் கேமரா வழியாக. ஆய்வகப் பொறுப்பாளர், லடாக்கைச் சேர்ந்த பொறியாளர் டோர்ஜே ஆங்சுக். பேட்டரி சீக்கிரமே செத்துப்போகும் குளிரில் இரவு பகலாகப் படமெடுத்து, நட்சத்திரங்களை அசையாமல் நிறுத்தி நிலம் சுழல்வதைக் காட்டும் படத்தை அவர் 2025 தொடக்கத்தில் வெளியிட்டார். 2024 மே 10 இரவு சூரியப் புயலால் துருவ ஒளி அபூர்வமாகத் தெற்கே இறங்கியபோது, ஹான்லேயின் கேமராக்கள் அதைச் சிவப்பாகப் பிடித்தன. மிக உயரத்தில் ஆக்சிஜன் உமிழும் நிறம் அது. பச்சை நிறக் கீழ்ப்பகுதி அவ்வளவு தெற்கே தெரிவதில்லை.

ஹான்லேயில் ஆட்கள் குறைவு, காவலூரைச் சுற்றி நகரங்கள் அதிகம். ஒன்றை அப்படியே இன்னொன்றில் நட்டுவிட முடியாது. ஆனால் திரை, மூடிய விளக்கு, உள்ளூர் வழிகாட்டி மூன்றுக்கும் பெரிய செலவில்லை. காக்க வேண்டிய பொருளும் குறைந்ததல்ல. திரிசங்கு என்று நம்மவர்கள் சொல்லும் தென்சிலுவை ஹான்லே மலைகளைத் தாண்டி எழுவதே இல்லை. காவலூரில் வைகாசி முன்னிரவில் தெற்கே நிமிர்ந்து நிற்கும். பால்வீதியின் மையம் ஹான்லேயில் 28 டிகிரி ஏறும்; இங்கே 48 டிகிரி.

திங்கட்கிழமை ஸ்ரீராம்புரத்துக்குத் திரும்பிய கேமரா பெரும்பாலும் பைக்குள்தான் இருக்கும். மொட்டை மாடியில் அதே 25 விநாடி வைத்தால் வெள்ளைத் தாள்தான் கிடைக்கும். ஆனாலும் பிப்ரவரி இரண்டாம் வாரம் இரவு 9 மணிக்கு நேர் தெற்கே திரும்பி, இரண்டு விநாடி போதும் என்று வைத்தால், தண்ணீர்த் தொட்டிகளுக்கு மேலே ஒரே ஒரு புள்ளி அழுத்தமாக விழும். வானத்தின் இரண்டாவது பிரகாசமான நட்சத்திரம், அகத்தியம். ஹான்லேயில் அது மலை விளிம்புக்கு மேலே வந்தால் அதிர்ஷ்டம். தெற்கே நடந்துவந்த அந்தக் குறுமுனிக்கு ஸ்ரீராம்புரத்து மாடியில் 24 டிகிரி உயரம்.